பட்டாளம் வந்து சேரும் வரை: ஊராட்சிக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவது எப்படி?

வடக்கன்குளம் வாசகர் (கேள்வி)

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் "ராணுவத்துக்கு அப்பால் தேசப் பாதுகாப்பு" என்று ஒரு கூட்டம் வைக்கிறோம். தலைப்பைச் சொன்னதுமே பேச வந்தவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். எல்லையில் ஜவான் நிற்பதால்தான் நாம் தூங்குகிறோம் என்கிறது ஒரு கட்சி. ராணுவச் செலவைக் குறைத்துப் பள்ளிக்கூடம் கட்டு என்கிறது இன்னொன்று. இரண்டையும் மேடையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நம் திருநெல்வேலிப் பக்கத்தைப் பாருங்கள். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலைகள். சுற்றிலும் முள்வேலி, துப்பாக்கிக் காவல். ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியதையும், அதே வருடம் டிசம்பரில் வந்த வெள்ளத்தையும் தடுப்பது அந்த வேலிகளின் வேலையில்லை. அப்படியானால் அது யார் வேலை?

ஓர் ஊராட்சி தன் பாதுகாப்புக்கென்று திட்டம் எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும்? தத்துவம் கொஞ்சம் போதும். யார், எத்தனை, எப்போது, எங்கே சறுக்கும் என்பதைச் சொல்லுங்கள்.

பாளை நூலகன்

தத்துவத்தை முதலில் முடித்துவிடலாம். "மனிதப் பாதுகாப்பு" என்ற சொல்லைப் பரவலாக்கியது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994 மனித வளர்ச்சி அறிக்கை. அதன் பின்னால் இருந்தவர் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூபுல் ஹக். பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என்று ஏழு வகையாகப் பிரித்தார்கள்.

அந்த ஏழு வகையையும் அப்படியே ஊராட்சித் தீர்மானத்தில் எழுதினால் ஒரு வேலையும் நடக்காது. எல்லாமே பாதுகாப்பு என்றால் எதை முதலில் செய்வது? அதனால் ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆபத்து தொடங்கியதிலிருந்து வெளியுதவி ஊருக்குள் கால் வைக்கும் வரை எத்தனை மணி நேரம்? தெருச் சண்டை என்றால் போலீஸ் வர அரை மணி, ஒரு மணி. வெள்ளத்தில் ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் ஊருக்குள் யார் என்ன செய்வது என்பதுதான் உங்கள் திட்டம். மற்றதை மாவட்ட நிர்வாகமும் டெல்லியும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆயுதமில்லாமல் நாட்டைக் காப்பது பற்றி யாராவது கேட்பார்கள். 1923-ல் ரூர் பகுதியை பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் பிடித்தபோது ஜெர்மானியத் தொழிலாளர்கள் வேலைசெய்ய மறுத்ததைச் சொல்வது வழக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908 தொடக்கத்தில் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 12-ல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைது, மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி, துப்பாக்கிச் சூடு. 1911-ல் கப்பல் கம்பெனி கலைந்தது. வெள்ளைக்கார நிர்வாகத்தின் நெருக்கடி அதற்குப் பெரிய காரணம்தான். ஆனாலும் ஓரிருவரைச் சிறையில் போட்டால் தள்ளாடும் அமைப்பாக அது இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் திட்டத்தில் எந்த வேலைக்கும் ஒரே பெயரை எழுதாதீர்கள், இரண்டு எழுதுங்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது.

பொருநைக்கரை

வெள்ளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தாமிரபரணி ஆற்றங்கரை ஊர்களில் எல்லோரும் பாபநாசம், மணிமுத்தாறு அணை எவ்வளவு திறந்தார்கள் என்றுதான் பார்க்கிறோம். 2023 டிசம்பர் 17, 18-ல் நடந்தது வேறு. மழை மலையில் மட்டும் பெய்யவில்லை, சமவெளியிலும் கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். அணைக் கணக்கு உங்களுக்குப் பாதி எச்சரிக்கைதான் தரும், மீதிப் பாதி ஊருக்கு மேலே இருக்கும் குளத்தில் இருக்கிறது. நம் குளங்கள் சங்கிலி. மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமாகக் கீழ்க்குளத்தில் விழும், அதன் மறுகால் (உபரித் தண்ணீர் வெளியேறும் வழி) அதற்குத் தாங்காது, அதுவும் உடையும்.

எனவே முதல் வேலை வரைபடம். உங்கள் குளத்துக்கு மேலே எந்தக் குளம், அதன் மறுகால் எங்கே, வரும் ஓடையில் யார் வேலி போட்டிருக்கிறார்கள், எங்கே பாலத்துக்குப் பதில் சின்னக் குழாய் பதித்திருக்கிறார்கள் என்று செப்டம்பர் முடிவதற்குள் நடந்து பார்த்து எழுத வேண்டும். ஆற்றங்கரை ஊர் என்றால் படித்துறையில் அடிக்கணக்கு வர்ணம் பூசுங்கள். அணையிலிருந்து இத்தனை கன அடி திறந்தால் இத்தனை மணி நேரம் கழித்து நம் படித்துறையில் இத்தனை படி மூழ்கியது என்று இரண்டு மூன்று மழைக்காலம் குறித்தால் உங்களுக்கென்று ஓர் அட்டவணை கிடைக்கும். நெல்லை டவுன்காரர்களுக்கு ஆற்றுக்குள்ளேயே குறுக்குத்துறை முருகன் கோயில் இருக்கிறது, அது எவ்வளவு மூழ்கியது என்று பார்த்தாலே தெரியும். மற்ற ஊர்களுக்கு வர்ணம்தான்.

கரையில் கசிவு வந்தால்: தண்ணீர் தெளிவாகக் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது. பதற்றத்தில் எல்லோரும் அந்த ஓட்டையில் மூட்டையைத் திணிப்பார்கள். தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஓட்டையை அடைக்காமல் அதைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் ஏறவிட வேண்டும். அந்த வட்டத்துக்குள் மட்டம் உயர உயரக் கரைக்குள்ளிருந்து வரும் வேகம் குறையும், கலங்கல் தெளியும்.

கரையை உயர்த்த: சிமென்ட் சாக்கில் பாதிக்குச் சற்று மேல் மண் போதும். நிறைத்துக் கட்டினால் மூட்டை உருண்டையாகி இடையில் சந்து விழும். வாயைக் கட்டாமல் மடித்து அடியில் கொடுத்து, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாறி வருமாறு அடுக்கி மிதியுங்கள். அடியில் மூன்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று என்று வைத்தால் 10 மீட்டர் நீளத்தை ஏறத்தாழ ஓர் அடி உயர்த்த 120 மூட்டை. சாக்கு, மண்வெட்டி, மண் எடுக்கும் இடம் மூன்றும் அக்டோபருக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மழையில் நனைந்த வயலிலிருந்து மண் எடுக்க முடியாது.

இன்னொன்று, எழுதத் தயங்குவார்கள், நான் எழுதிவிடுகிறேன். ராத்திரியில் ஒரு சாரார் தங்கள் வயலைக் காப்பாற்றக் கரையை வெட்டுவார்கள், தண்ணீர் இன்னொரு தெருவுக்குள் போகும். வெள்ளம் வடியும், வெட்டு குத்து வடியாது. எந்த மட்டத்தில் எந்த இடத்தில் வெட்டுவது, அதற்கு நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் யார் பேசுவது, கரைக்காவலுக்கு எந்தத் தெருவிலிருந்து யார் யார் என்று முன்கூட்டியே எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடட்டும். கரைக்காவல் ஜோடியில் இரண்டு தெருக்காரரும் ஒவ்வொருவர் இருக்க வேண்டும்.

தங்குமிடம்: ஒருவருக்கு நாளைக்குக் குடிக்க 3 லிட்டர். 200 பேர், மூன்று நாள் என்றால் 1,800 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 90. சமையல், கை கால் கழுவுவது எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 15 லிட்டர், மொத்தம் 9,000. அதைக் கேனில் வைக்க முடியாது, கட்டடத்தின் மேல் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். கரண்ட் போவதற்கு முன் மோட்டாரைப் போடும் வேலைக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர்: 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 60 கிராம் குளோரின். நல்ல பவுடரில் 33 சதவீதம் இருக்கும், எனவே சுமார் 180 கிராம். திறந்து கிடந்து ஈரம் கோத்த பவுடரில் 20 சதவீதம்தான் இருக்கும் என்று கொண்டால் 300 கிராம். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்துக் குழாயடியில் சோதித்தால் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பவுடரைக் கூட்டிக்கொண்டே போவது அதற்கு மருந்தில்லை.

முன்னாள் சுபேதார்

தம்பி, "அப்பால்"னு தலைப்புப் போட்டிருக்கீய, சரி. கூட்டத்துல யாராச்சும் கோஸ்டாரிகாவைக் கொண்டாருவாவ, பாத்துக்கிடுங்க. 1948-ல படையைக் கலைச்சது உண்மைதான், 1949 அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாவ. ஆனா 1947-லயே அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்குள்ள ஒருத்தரை அடிச்சா எல்லாரும் சேர்ந்து வருவோம்னு ஒப்பந்தம் இருந்துச்சு. நிகரகுவாகூட எல்லைத் தகராறு வந்தப்போ ஹேக் கோர்ட்டுக்குப் போயி 2015-ல தீர்ப்பு வாங்கினாவ. நமக்கு ரெண்டு பக்கம் அணுகுண்டு வச்சிருக்கிற நாடு. அந்தக் கணக்கு இங்க ஒத்துவராது.

அதே சமயம், எல்லாத்துக்கும் பட்டாளம் வரும்னு உக்காந்திருக்கவும் கூடாது. ஹெலிகாப்டர் ஒண்ணும் மந்திரமில்லை. எம்ஐ-17 சுமார் 4 டன் தூக்கும். ஆளுக்கு அரைக் கிலோன்னா 8,000 பேருக்கு ஒரு நாள் சாப்பாடு, அவ்வளவுதான். மேகம் தாழ்ந்து நின்னா பறக்க முடியாது. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னப்போ டிசம்பர் 17 ராத்திரியிலருந்து 19 வரைக்கும் பயணிகள் மாட்டிக்கிட்டாவ. பக்கத்து ஊர்க்காரங்கதான் முதல்ல சமைச்சுப் போட்டாவ.

ஊராட்சி செய்ய வேண்டியது: 50 மீட்டருக்கு 50 மீட்டர் மேட்டுத் தரை ஒண்ணு பாத்து வையுங்க. பக்கத்துல கரண்ட் கம்பி, செல் டவர் இருக்கப்படாது. தகரம், துணி, வைக்கோல் எதுவும் கெடக்கப்படாது, எறக்கைக் காத்துக்கு மேல வந்து மோதும். சுண்ணாம்புல பெரிய எச் எழுத்துப் போடுங்க. பொட்டலம் போடுற நேரம் கீழ கூட்டம் நிக்கக் கூடாது. ஓரமா நாலு பேரு போதும், விழுந்தப்பறம் எடுக்கலாம். அப்புறம், பஞ்சாயத்துலருந்து நேரா பட்டாளத்தைக் கூப்பிட முடியாது. கலெக்டர் கேட்டாத்தான் வரும். அதனால மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்குப் பேசும்போது "காப்பாத்துங்க"ன்னு மட்டும் சொல்லாதீய. எத்தனை பேரு, அதுல குழந்தை எத்தனை, படுக்கையில கெடக்கவங்க எத்தனை, தண்ணி எத்தனை அடி, எந்த ரோடு திறந்திருக்கு, மேப்புல எடத்தோட எண் என்னன்னு ஒரே மூச்சுல சொல்லணும். தாள்ல எழுதி வச்சு வாசிங்க.

பொருநைக்கரை

சுபேதார் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. 2023-ல் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. 1077 எடுக்கவில்லை என்றால் 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை. இரண்டும் கிடைக்காமல் போகும் நேரமும் வரும். கரண்ட் போன சில மணி நேரத்தில் டவர் பேட்டரி இறங்கிவிடும். கோயில் மைக் செட்டுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியாக சார்ஜில் இருக்கட்டும்.

பாளை வக்கீல்

ஜாதி மோதலைப் பற்றி. இது "சட்டம் ஒழுங்கு" என்று ஒதுக்கப்படுகிறது. ஊரை விட்டு மக்கள் ஓடுவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் பயப்படுவதும் பாதுகாப்புப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது?

நம் மாவட்டத்தில் கொலை பெரும்பாலும் திடீரென்று விழுவதில்லை. பேருந்தில் இடம் பிடிக்கும் தகராறு, கையில் கட்டும் கலர் கயிறு, செல்போனில் வைக்கும் அரிவாள் ஸ்டேட்டஸ், ஃபிளெக்ஸ் கிழிப்பு, கோயில் கொடையில் சப்பரம் போகும் பாதை என்று அறிகுறிகள் முதலில் வரும். ஒரு கொலை நடந்திருந்தால் முப்பதாம் நாளும், வருட நினைவு நாளும் பழிவாங்கும் தேதிகள். கொடை தேதி, தலைவர்களின் நினைவு நாள், பழைய வழக்கில் ஜாமீன் அல்லது தீர்ப்பு வரும் நாள் மூன்றையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள். சேர்ந்து விழும் வாரத்தில் ஒரு வாரம் முன்பே இன்ஸ்பெக்டரையும் தாசில்தாரையும் பார்த்து எழுத்து மூலமாகச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதற்குப் பதிவு கிடையாது.

தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். வதந்தி வந்தால் அடுத்த தெருவின் இரண்டு பேருக்குப் போன் போட்டு உறுதி செய்யாமல் எந்தக் குரூப்பிலும் போடக் கூடாது என்பது ஒரே விதி. உறுதியான செய்தியை இரண்டு தெருவிலும் ஒரே வாசகத்தில், ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்களை மட்டும் வைத்தால் வேலைக்கு ஆகாது. ஸ்டேட்டஸ் வைக்கும் பையன் பெரியவர் பேச்சைக் கேட்பதில்லை. கபடி டீம் கேப்டன், ஆட்டோ ஸ்டாண்ட் ஆள், ஒன்பதாம் வகுப்பு டீச்சர் இவர்களில் யாராவது வேண்டும்.

எங்கே சறுக்கும்? சமாதானக் கூட்டத்தில். தாசில்தார் ஆபீஸில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக் கை குலுக்கிப் போட்டோ எடுத்ததும், புகார் கொடுத்தவரை "அதான் பேசி முடிச்சாச்சே, வாபஸ் வாங்கு" என்பார்கள். அடி வாங்கியவனுக்கு நீதி கிடைக்காமல் வரும் அமைதி அடுத்த கொடை வரைகூட நிற்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்ஐஆர் போட முன்விசாரணை தேவையில்லை (பிரிவு 18ஏ). விசாரிப்பவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையக் கூடாது, 60 நாளில் குற்றப்பத்திரிகை. ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் (விதி 17). கடைசிக் கூட்டம் எப்போது, என்ன முடிவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேள்வி போனாலே அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பார்கள். இரு தரப்பிடமும் அமைதி காக்கப் பிணை வாங்குவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 107, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 126. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தராசில் வைத்து அந்தப் பிரிவைப் போடுவது வழக்கமான தவறு. எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

நாங்குநேரிக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் பற்றிய பரிந்துரைதான் டிவியில் சண்டையானது. அறிக்கை அதோடு முடியவில்லை, பள்ளிப் பெயரில் இருக்கும் ஜாதிப் பெயர் உட்பட நிறையப் பேசுகிறது. உங்கள் கூட்டத்துக்கு முன் படிக்க ஒன்று மட்டும் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

காத்தாடி

வடக்கன்குளம் என்றதும் கூடங்குளத்தைச் சொல்லாமல் விடுவதா? ஆதரவா எதிர்ப்பா என்ற வாதம் வேண்டாம், உலை ஓடிக்கொண்டிருக்கிறது. அவசரநிலை நிலையத்தோடு நின்றால் அவர்கள் பொறுப்பு. வளாகத்தைத் தாண்டினால் ஆட்சியர் பொறுப்பு. திட்டமிடும் வட்டம் 16 கிலோமீட்டர். அதற்குள் இருக்கும் ஊராட்சி கேட்க வேண்டியவை: எங்களுக்கான கூடுமிடம் எது, எந்த வழி, எத்தனை பேருந்து, அயோடின் மாத்திரை எங்கே இருப்பு.

பேருந்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5,000 பேர், நடைக்கு 60 பேர் என்றால் 84 நடை. 20 பேருந்து கிடைத்தாலும் ஐந்து சுற்று. ஏற்றி இறக்கித் திரும்ப ஒன்றரை மணி என்றால் ஏழரை மணி நேரம். ஆகவே முதல் சில மணி நேரம் வீட்டுக்குள் கதவு, ஜன்னல் சாத்தி இருப்பதுதான் பெரும்பாலோருக்கு நடைமுறை. பைக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒரே ரோட்டில் இறங்கினால் பேருந்தும் நிற்கும்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயது 65, ஒரு மாதம் முதல் 3 வயது 32, பிறந்த குழந்தைக்கு 16. தைராய்டுக்குள் அயோடின்-131 போகாமல் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. சீசியத்துக்கு அது ஒன்றும் செய்யாது. அறிவிப்பு வந்தபின் எடுக்க வேண்டும், தாமதமாக எடுத்தால் பயன் குறையும். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டிவரும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய நமக்குக் கருவி தேவையில்லை, சுற்றிலும் காற்றாலை. அதன் முகம் காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கும், புகை போவது அதன் முதுகுப் பக்கம். வெளியேறச் சொன்னால் அந்தப் பாதைக்குக் குறுக்கே விலகும் வழி நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும், எனவே இரண்டு பருவத்துக்கு இரண்டு வழி எழுதச் சொல்லுங்கள்.

வடக்கன்குளம் வாசகர்

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. இரண்டு சந்தேகம். தங்குமிடமாக அரசுப் பள்ளியைக் குறித்தால், அது ஒரு தெருவுக்குள் இருக்கிறது, மற்றத் தெருக்காரர்கள் வரத் தயங்குவார்கள். நோயாளிகள் பட்டியலை ஊராட்சி வைத்திருந்தால் விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே?

பாளை வக்கீல்

இரண்டு தங்குமிடம் குறித்தால் தெருவுக்கு ஒன்று என்று தானாகப் பிரிந்துவிடும், சமையலும் இரண்டாகும், நிவாரணப் பொருள் யாருக்கு அதிகம் போனது என்று அடுத்த சண்டை வரும். ஒன்றுதான் குறிக்க வேண்டும். ஊர் விலக்கில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கும் மேல்நிலைப் பள்ளியோ அரசுக் கட்டடமோ பாருங்கள், அரைக் கிலோமீட்டர் தூரம் கூடினாலும் பரவாயில்லை. சமையல் பொறுப்பு சத்துணவு ஊழியர்களிடம் இருக்கட்டும், பந்தி ஒன்றே. இதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள், அந்த நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

நோயாளிகள் பட்டியல் ஊராட்சிக்கு வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகள் பட்டியல் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பட்டியல் இருக்கிறது. ஊராட்சிக்குத் தேவை கதவு எண்ணும், தூக்கிச் செல்ல ஆள் வேண்டுமா என்பதும் மட்டும். நோயின் பெயர் தேவையில்லை.

கிராம சபையை அக்டோபர் 2-க்குத் தள்ளாதீர்கள், மழை பதினைந்து நாளில் வந்துவிடும். ஆகஸ்ட் 15-ல் வையுங்கள். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் இருந்தால்தான் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை). "வெள்ளத் தடுப்பு நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் கோப்போடு தூங்கும். குளத்தின் பெயர், சர்வே எண், எத்தனை மீட்டர் கரை, எத்தனை சாக்கு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். தீர்மான நகலில் முத்திரை வாங்கி, ஒரு பிரதி பிடிஓவுக்கும் ஒரு பிரதி தாசில்தாருக்கும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.